மாநிலத்துக்கு மாற்றல்

"உங்களை உங்க சொந்த மாநிலத்துக்கே மாத்தியாச்சு. சந்தோஷம்தானே?" என்றார் மேனேஜர்.

பெயிண்ட் கம்பெனியின் கிடங்கு சூப்பர்வைசர், உத்தரவில் வேறு யார் பெயராவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலுவலகமே கை தட்டியது. தட்டாமல் என்ன செய்யும்? பிழைக்க வந்த நாளிலிருந்து மனிதர் ஊதியது ஒரே சங்குதான். எங்க மாநிலத்துத் தண்ணிக்குச் சர்க்கரையே வேண்டாம். எங்க மாநிலத்துக் கொசு கடிச்சா வலிக்காது. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'மாநிலம்'. அவ்வளவு அருமையான இடத்தை விட்டு ஏன் வந்தீர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் இன்னொரு மணி நேரம் பேசுவாரே.

வீட்டில் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்பத்தான் சொந்த வீட்டுக்குக் குடி வந்திருக்கோம். குழாயைத் திறந்தா தண்ணி வருது. அங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரி பின்னாடி ஓடினது மறந்துபோச்சா?"

"மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்காரர் காதுல விழப்போகுது."

"அந்தக் கௌரவத்தையே கட்டிக்கிட்டு அழுங்க. மாற்றலை நிறுத்தலேன்னா நானும் பொண்ணும் இங்க, நீங்க மட்டும் அங்க. சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் மேனேஜர் முன்னால் போய் நின்றார். முதுகு வலி என்றார்.

"உங்க மாநிலத்து டாக்டர் தொட்டாலே வலி ஓடிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பெண்ணின் படிப்பு என்றார்.

"அங்க பள்ளிக்கூட வாட்ச்மேனே கணக்குச் சொல்லித் தருவாருன்னீங்களே."

மாமியாருக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளாது என்றார்.

"உங்க மாநிலத்து வெயில் உடம்புக்குக் குளிர்ச்சியாச்சே. போன வாரம்தானே சொன்னீங்க?"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

"புரியுது," என்றார் மேனேஜர். "போகத் துடிக்கிறீங்க. கூச்சத்துல சாக்கு சொல்றீங்க. அடுத்த மாசம் வரைக்கும் எதுக்கு, இந்த வெள்ளிக்கிழமையே கிளம்புங்க."

கௌரவமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது அவருக்கு.

"எல்லாம் பொய் சார். அங்க ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் நடந்து திரும்பினா அதிசயம். தப்பிச்சோம் பிழைச்சோம்னுதான் சார் இங்க ஓடி வந்தேன்." சொல்லும்போதே நிஜமாக அழுகை வந்துவிட்டது.

மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளை அணைத்துக்கொண்டார். "பாருங்க, என்ன ஒரு தன்னடக்கம். இதுவும் அந்த மாநிலத்துக்காரங்களுக்கே உரிய குணம்."

மறுபடியும் கைதட்டல்.

வெள்ளிக்கிழமை அவரை ரயிலேற்றக் கம்பெனி கார் வந்தது. மனைவி வாசலுக்குக்கூட வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த நிலைமையிலும் புத்தி போகுமா?

"எங்க மாநிலத்து ரோட்டுல பள்ளம்கூட மெத்தையாட்டம் இருக்கும், தெரியுமா?"

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போதும் விடுங்க சார். நம்ம மேனேஜரும் உங்க மாநிலம்தான், வெளியில மூச்சு விட மாட்டாரு. மேலிடத்துல முதல்ல அவரைத்தான் அங்க போகச் சொன்னாங்க. இதே சீட்ல உட்கார்ந்து போன்ல ஓன்னு அழுதுட்டு, உங்க பேரைக் கொடுத்துட்டாரு."