முப்பத்தோராவது நிமிடம்

நானே கடையில் தேர்ந்தெடுத்து, நானே மூன்று மாடி தோளில் சுமந்து ஏற்றிய கம்ப்யூட்டர், என்னைத் தினமும் அரை மணி நேரத்தில் வெளியே தள்ளுகிறது. இந்த அநியாயத்தைக் கேட்க நாதியே இல்லையா?

திரையில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் என் மனைவி, சிரித்த முகம், பெயருக்குக் கீழே 'நிர்வாகி' என்ற பட்டம். இன்னொன்று நான். எனக்கு முகம்கூடக் கிடையாது, வெறும் சாம்பல் தலை. அவள் உள்ளே போனால் பொழுது சாயும்வரை இருக்கலாம். நான் போனால் முப்பது நிமிடம். அதில் பாதி அந்தக் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கே போய்விடும். முப்பத்தோராவது நிமிடம், 'இன்றைய நேரம் முடிந்தது' என்று சொல்லிவிட்டுத் திரை இருண்டுவிடும்.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டேன்? செஸ் ஆடிக்கொண்டே தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்தேன். வெறும் மூன்று மணி நேரம். தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கிக் கீழ்வீட்டு சோபாவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஜெயிலில் இருப்பவனுக்குக்கூட நன்னடத்தைக்கு விடுதலை உண்டு. எனக்கு இரண்டு வருஷமாக இல்லை.

இதனால் லாபம் யாருக்கு? எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டிலிருந்து அவரும் என் வீட்டிலிருந்து நானும் இணையத்தில் செஸ் ஆடுவோம். நேரிலேயே ஆடலாமே என்பீர்கள். அவர் எதிரே உட்கார்ந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. ஒவ்வொரு வாரமும் ஜெயிக்கிற நிலையில் இருப்பது நான்தான். அவர் ஒரு சிப்பாயை நகர்த்தப் பத்து நிமிடம் யோசிப்பார். எனக்கு இருட்டிவிடும். அவர் ஜெயித்துவிடுவார். இப்படி ஏழு வாரம். திங்கட்கிழமை காலையில் படிக்கட்டில் பார்த்து, "என்ன சார், பாதியிலயே ஓடிட்டீங்க?" என்று அத்தனை பல்லையும் காட்டுவார்.

அவரேதான் ஒருநாள் சொன்னார். "உங்க கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிரைவ் பழசாயிடுச்சு சார். புதுசு போட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதல்லேர்ந்து ஏத்துங்க. பறக்கும்."

எனக்குப் பொறி தட்டியது. என்மீது போட்ட தடையெல்லாம் அந்தப் பழைய டிரைவில்தானே குடியிருக்கிறது? அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது டிரைவில் முதல் ஆளாக நான் நுழைந்தால், நிர்வாகி யார்? எட்டாவது வாரம் டாக்டரின் பல்லைப் பிடுங்காமல் விடுவதில்லை என்று சபதம் போட்டேன்.

மனைவியிடம் விஷயத்தைப் பாதி மட்டும் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு. நானே டிரைவை மாத்திடறேன்."

"நீங்களா?"

"ஏன், நான்தான்."

"ஃபேன் ரெகுலேட்டரை மாத்தினீங்களே, அந்த நீங்களா?"

"அது கரன்ட். இது கம்ப்யூட்டர்."

"சரி, செய்ங்க."

அவ்வளவுதான். சண்டையே இல்லை. தன் பள்ளிக்கூட வினாத்தாள், மார்க் லிஸ்ட் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றினாள். அதைக் கைப்பைக்குள் போட்டு, பையை அலமாரிக்குள் வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். கட்டின புருஷன்மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து கிளம்பிய தூசியில் பதினான்கு தும்மல். பழைய டிரைவ் செங்கல் கனம் கனத்தது. புதியது சீட்டுக்கட்டு அளவுகூட இல்லை. பொருத்தினேன். மூடினேன். இரண்டு ஸ்க்ரூ மிச்சம். அவை தேவையில்லாதவை என்று முடிவு செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

'டிரைவ் எதுவும் இல்லை' என்றது திரை.

"கண்ணு முன்னாடி வெச்சிருக்கேன், இல்லைங்கறியே!" என்று கத்தினேன். திறந்தேன், மூடினேன், திறந்தேன். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். துணிக்கூடையோடு அந்தப் பக்கம் போன மனைவி நிற்காமலேயே கேட்டாள்.

"அந்தச் சிவப்பு வயர் ஏன் சும்மா தொங்குது?"

"காத்தாட விட்டிருக்கேன்" என்றேன். அவள் தலை மறைந்ததும் சொருகினேன்.

டாக்டர் தயார் செய்து கொடுத்த பென்டிரைவிலிருந்து சிஸ்டம் ஏற ஆரம்பித்தது. 'இன்னும் சில நிமிடங்கள்' என்றது. முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது. குளித்துவிட்டு வந்தேன், முப்பத்தேழு. சாப்பிட்டுவிட்டு வந்தேன், முப்பத்தெட்டு. நாலேமுக்கால் மணிக்கு ஒருவழியாக முடிந்து, இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கேட்டது. எனக்கு இருப்பது ஒரே முகவரி. அதையும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவிதான் உருவாக்கிக் கொடுத்தாள்.

"என் இமெயில் பாஸ்வேர்ட் என்ன?"

கேட்டு முடிப்பதற்குள் ஒரு துண்டுச் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டாமா?

தட்டினேன். பத்தே நொடி. பளிச்சென்று திறந்தது. ஆகா என்று நாற்காலியில் சாய்ந்தேன். திரையில் எழுத்துகள் வந்தன.

'இது ஒரு குழந்தையின் கணக்கு. தொடர்வதற்குப் பெற்றோரின் அனுமதி கேட்கப்பட்டுள்ளது.'

சமையலறையில் அவள் போன் 'டிங்' என்றது.

"என்ன இது?" என்று போய் நின்றேன்.

"உங்க கணக்குதான். தடை டிரைவுல இல்லீங்க, இமெயில்ல இருக்கு. எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் கூடவே வரும்."

"எனக்கு என்ன வயசுன்னு போட்டிருக்கே?"

"ஒம்பது."

"எனக்கு அம்பத்திரண்டு!"

"மோட்டார் ஓடின அன்னிக்கு ஆரம்பிச்ச கணக்கு. வயசு கேட்டுச்சு. அன்னிக்கு என்ன தோணுச்சோ அதைப் போட்டேன்."

"இது தெரிஞ்சுமா என்னை நாள் பூரா டிரைவை மாத்த விட்டே?"

"மூணு மாசமா மாத்தணும்னு சொல்லிட்டிருந்தேன். காதுல வாங்கினீங்களா? இப்ப பாருங்க, எவ்வளவு அழகா மாத்தியிருக்கீங்க!"

மணி ஐந்தடிக்க மூன்று நிமிடம். டாக்டர் போனில் கேட்டுவிட்டார்: 'சார், இன்னைக்காவது முழு ஆட்டமா?' அப்புறம் கோபப்படலாம் என்று குரலை இறக்கினேன்.

"சரி, அனுமதி கொடு."

"மாடியில காயற துணியை எடுத்து மடிச்சு வைங்க. கொடுக்கறேன்."

இரண்டிரண்டு படியாகத் தாவினேன். எடுத்தேன். மடித்தேன். அவள் போனில் ஒரு விரல் தட்டினாள். ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன்.

'உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட நேரம்: 15 நிமிடம்.'

"முப்பதுதானே வழக்கம்? இது அக்கிரமம்!"

"முன்னாடி திறக்கறதுக்கே பதினஞ்சு நிமிஷம் போச்சு. பாவமேன்னு முப்பது கொடுத்தேன்" என்றாள், கரண்டியைக் கீழே வைக்காமல். "இப்பதான் பத்து செகண்டுல திறக்குதே. அப்புறம் எதுக்கு?"

டாக்டர் இப்போதெல்லாம் பதினாறாவது நிமிடத்திலேயே ஜெயித்துவிடுகிறார்.