சின்னவனின் வயிறும் மாஸ்டரின் பொறுப்பும்

இனிமேல் சின்னவனின் சாப்பாடு முழுக்க முழுக்கத் தன் பொறுப்பு என்று மாஸ்டர் அறிவித்தபோது, வீட்டுக்காரி வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கவுனுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அதனால் பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் தான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொள்வது மாஸ்டரின் வெகுநாள் பழக்கம்.

சின்னவன் என்பது நாய்க்குட்டி. பெரியவன், அதாவது பெற்ற பிள்ளை, வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனுக்குப் போக மீதியாகிக் கிடந்த செல்லத்தையெல்லாம் இது வந்து மொத்தமாக வாரிக்கொண்டது. கொடுத்தது மச்சினன். துணிக்கடைக்காரன், அக்கா தைக்கிற உருப்படிகள் அவன் கடைக்குத்தான் போகும். வீட்டில் மூன்று பெரிய நாய்களை வைத்து மேய்க்கிறவன், போட்ட குட்டிகளில் நோஞ்சானாகப் பார்த்து அக்கா தலையில் கட்டிவிட்டான். வாய் என்னவோ யானை வாய்தான், வயிறு மட்டும் கண்ணாடி. எதைத் தின்றாலும் சற்று நேரத்தில் கூடத்து மிதியடியில் வந்து தீர்ப்புச் சொல்லிவிடும்.

நாய் டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து மாஸ்டரின் போன் அடித்தது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் பழகி லைசென்சும் வாங்கிவிட்ட ஒரு அம்மாள் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் போகத் தெரியாமலும் பின்னால் வரத் துணியாமலும் அழுதுகொண்டிருந்தார். வாசலில் நின்று போனிலேயே அவரை மேடேற்றிவிட்டு மாஸ்டர் உள்ளே திரும்பியபோது, டாக்டர் அடுத்த நாயின் காதுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பும் வழியில் வீட்டுக்காரியைக் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் ஒரு தீனிக்கடை கண்ணில் பட்டு, இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

டாக்டர் கொடுத்தனுப்பிய தீனிப் பாக்கெட் அவள் மடியிலேயே இருந்தது. ஆனால் அதன் மேல் ஒரு படம்கூடக் கிடையாது. படமில்லாத பாக்கெட்டில் மாஸ்டருக்கு நம்பிக்கை இல்லை.

முதலில் கோழிக்கறி சேர்த்த தீனி வந்தது. மிதியடி போனது. கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்று மீனுக்கு மாறினார். படுக்கை விரிப்பு போனது. மீனை விட்டு ஆட்டுக்கறிக்குத் தாவினார். சோபா உறை போனதோடு, சின்னவன் வாலை ஆட்டுவதற்கே யோசிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்காரி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, மாசக் கடைசில தம்பி வர்றான். அதுக்குள்ள இது தேறலைன்னா அவன்கிட்டயே கொடுத்துடுவோம். நாய் வளர்த்துப் பழகின கை. வாயில்லா ஜீவனை நாம வதைக்க வேணாம்."

மாஸ்டர் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்க 'பிரேக், பிரேக்' என்று கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்புகிற மனிதரை, வாசலிலேயே நின்று வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டி வரவேற்கிற ஒரே ஜீவன் அது. அது இல்லாத வாசலை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சரியான தீனி இன்னும் அமையலை, அவ்வளவுதான். நாளைக்கு வாத்துக்கறித் தீனி வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

"தாராளமா வாங்கிட்டு வாங்க. பிரிச்ச பாக்கெட்டுல எறும்பு ஏறுது. எங்கிட்டக் கொடுங்க, டப்பாவுல கொட்டி வெக்கறேன். வேளாவேளைக்கு நீங்க எடுத்துப் போட்டா போதும்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் எதற்கும் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதில்லை. வேறு யாராக இருந்தாலும் உஷாராகியிருப்பார்கள். மாஸ்டர் சந்தோஷப்பட்டார்.

வாத்து வந்தது. புது மிதியடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் குனிந்து தடவியே பார்த்துவிட்டார். சுத்தமாக இருந்தது. வாத்துக்கே இப்படியென்றால் முயலுக்கு எப்படியிருக்கும் என்று அடுத்த வாரம் முயலுக்கு மாறினார். சின்னவன் விலாவில் சதை பிடித்தது. முயலிலிருந்து வான்கோழிக்குப் போனார். குட்டி சோபாமேல் தாவ ஆரம்பித்தது. மாற்ற மாற்றத் தேறுகிறதே என்று யோசித்த மாஸ்டருக்கு ஒரு சித்தாந்தம் பிறந்தது: நாய் வயிற்றுக்கு மாற்றம்தான் மருந்து. பாடம் கற்க வந்தவர்களுக்கெல்லாம் இதைக் காரில் வைத்து விளக்கினார். கேட்டுக்கொண்டே ஓட்டியவர்கள் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போனார்கள்.

டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தரம் முகர்ந்து பார்த்து, வான்கோழி வாசனையே தனி என்பார். தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்பாள் அவள்.

மாசக் கடைசியில் மச்சினன் வந்தான். வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்குள் சின்னவன் அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. துரத்திப் பிடித்துத் தூக்கியவன், தான் கொடுத்த குட்டிதானா இது என்று கேட்டான். இனி இதை யாரும் கொண்டுபோகப் போவதில்லை என்ற தெம்பில் மாஸ்டர் சாய்ந்து உட்கார்ந்து, வாத்தில் தொடங்கி வான்கோழி வரைக்கும் தன் சித்தாந்தத்தை விரித்துரைத்தார். மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"உங்க மனசு யாருக்கு மாமா வரும்" என்றான் மச்சினன். "எங்க நாய்ங்களுக்கும் நீங்க அனுப்பறதுல வாத்துதான் உசிரு. முயல் போட்ட அன்னைக்குத் தட்டையே கடிச்சு வெச்சிருச்சுங்க."

"நான் அனுப்பறதா?"

"துணி மூட்டைக்குள்ள வருமே மாமா. வாராவாரம் நீங்கதானே கார்ல கொண்டுவந்து கடையில இறக்கிட்டுப் போறீங்க."

மாஸ்டர் எழுந்து சமையலறைக்குப் போனார். டப்பா இருந்த அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். டாக்டரின் பாக்கெட்டுகள், படமே இல்லாதவை, வரிசையாக அடுக்கியிருந்தன. பல காலியாகிவிட்டிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் குட்டிக்கு ஒரே தீனி, தினமும் அதே தீனி. மாத்திக்கிட்டே இருந்தா வயிறு தாங்காதுன்னாரு டாக்டர்" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாஸ்டர் கோபப்படத்தான் பார்த்தார். ஆனால் சின்னவன் அவர் பாதத்தின் மேல் தலை வைத்துப் படுத்துவிட்டது. அதன் குட்டி வயிறு கெட்டியாக, நிறைவாக ஏறி இறங்குவதைப் பார்த்ததும் கோபம் வந்த வழியே போய்விட்டது. மிஞ்சியது கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

"இதை அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

வீட்டுக்காரி நிமிர்ந்து அவரை வாஞ்சையோடு பார்த்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க டாக்டரை மாத்தியிருப்பீங்க."