பின்கட்டில் நடந்த பயிலரங்கு

காரைக்குடி, செக்காலை
வியாழக்கிழமை பிற்பகல்

என் மேல் என்றும் பாசம் குறையாத அகல்யா அக்காவுக்கு, தங்கை சத்தியப்பிரியா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சென்னையில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், இவர், பாப்பா மூவரும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். நம்பாதே.

ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருக்க வேண்டிய கடிதம், இன்றைக்குத்தான் கை வந்தது. போன் பண்ணியிருக்கலாமே என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தோசை சுடுகிறவள். நான் அழுதால் அத்தான் முதல் மேல்வீட்டுக்காரர் வரை கேட்பார்கள். தாளைப் பார்த்து முகம் சுளிக்காதே. சனிக்கிழமை நடந்த, இல்லை, நடக்காத பயிலரங்குக்காக நான் அச்சடித்த கருத்துப் படிவங்கள் இவை, பாதித்தாள் அளவில் பன்னிரண்டு. முன்பக்கத்தில் ‘இந்நிகழ்ச்சி உங்களுக்கு எவ்வகையில் பயன்பட்டது?’ என்று கேள்வி இருக்கும். நடக்காத நிகழ்ச்சிக்கு யார் பதில் எழுதியிருக்கப் போகிறார்கள்? அந்தக் கேள்வியைப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. தாள் கட்டை இவர் எப்படிக் கவிழ்த்து வைத்தாரோ அப்படியே வைத்து, பின்பக்கத்தில், தொழில் பழக்கத்தில் தாளுக்கு எண் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கால் பெருவிரலில் தொட்டில் கயிறு மாட்டியிருக்கிறது. எழுத்து கோணுகிற இடமெல்லாம் பாப்பா புரண்ட இடம்.

கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். ஒன்றாம் தேதியிலிருந்து உன் வீட்டுப் பக்கத்தில் எனக்கும் பாப்பாவுக்கும் ஒரு ரூம் பார்த்து வை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்றும் விசாரித்து வை. இவரால் வர முடியாது, சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்து வேலையை விட்டுவிட்டு எங்கே வருவார்? எட்டு மாதக் குழந்தை அக்கா. இவருடைய பைக் சத்தம் தெரு முனையில் கேட்டாலே தவழ்ந்து வாசலுக்குப் போகிறது. சென்னையில் எத்தனை பைக்குக்கு அது வாசலுக்குப் போகும் சொல்லு.

விஷயம் இதுதான். ‘என் தங்கை மிக்ஸி பெட்டிக்குள்ளே இருக்கிற பேப்பரை எழுதுகிறாள்’ என்றுதான் நீ எல்லோரிடமும் சொல்வாய். போகட்டும், ஏறக்குறைய அதுதான். எங்களைப் போலக் கையேடு எழுதுகிறவர்களும், பயிற்சிப் பாடங்கள் வடிவமைக்கிறவர்களும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓர் ஊரில் கூடித் தொழில் பேசுவோம். எங்கள் சென்னைக் கம்பெனியில் எனக்கு மேலே இருக்கும் காளிராஜ் சார்தான் அதற்கும் தலைவர். பேறுகால விடுப்பு முடிந்தும் நான் காரைக்குடியிலிருந்தே வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ‘இந்த முறை கூட்டத்தை உங்கள் ஊரில் நீங்கள் நடத்துங்கள். அங்கிருந்தபடி ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்ய முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்’ என்று எழுதினார். மனிதர் எப்படிப்பட்டவர் தெரியுமா? பஸ் டிக்கெட்டைக் கொடுத்தால் பின்பக்கத்தையும் திருப்பிப் படித்துப் பிழை திருத்துவார்.

நான் என்ன செய்தேன், ஊரில் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடு ஒன்றின் முன்கட்டை வாடகைக்குப் பிடித்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிற வீரையா அண்ணன் பின்கட்டை அன்றைக்கே ஒரு காதுகுத்துச் சமையலுக்கு விட்டிருந்தார். அதனால் என்ன, அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது, சமையல் வாசனைகூட முன்னால் வராது என்று நினைத்தேன். வந்து சேர ஒரு வழிக்குறிப்பு எழுதினேன் அக்கா, பத்துப் படிகள், படத்தோடு, அம்புக்குறியோடு. நானே நடந்து பார்த்துச் சரி செய்தேன். அங்கேதான் என் விதி சிரித்தது. நான் வீடு பார்க்கப் போன அன்றைக்கு முகப்புச் சாவி கிடைக்காமல் வீரையா அண்ணன் என்னைப் பின்வாசல் வழியாகத்தான் கூட்டிப் போனார். அன்று நடந்த வழியையே வைத்து எழுதியதால், பத்துப் படியும் பின்வாசலில் போய் முடிகிறது. எழுதியவளே சோதிக்கக் கூடாது, புதிதாக வருகிறவரை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அன்றைக்கு நான் பேசவிருந்த தலைப்பும் அதுதான்.

சரி, வழி தவறினால் போன் பண்ணுவார்களே என்பாய். என் குறிப்பில் முதல் படி என்ன தெரியுமா? ‘நிகழ்ச்சி முடியும்வரை கைபேசியை அணைத்து வைக்கவும்.’ கடைசியில் வர வேண்டியது, ஒட்டும்போது மேலே ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, என் தாளைப் படித்து, முதல் வேலையாகப் போனை அணைத்திருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் எதிரே வருகிறவரைக் கேட்டிருப்பார்கள். இவர்கள் எழுதியதை நம்புகிற ஜாதி. பத்தாம் படியையும் கேட்டுவிடு: ‘உள்ளே இருப்பவர் காட்டும் இடத்தில் அமர்ந்து, அவர் தரும் பயிற்சியைச் செய்யவும்.’

உள்ளே இருந்தவர் சமையல்காரர் சேவுகண்ணன். வெங்காயம் உரிக்க ஆத்தங்குடியிலிருந்து வர வேண்டிய ஆட்கள் வராத ஆத்திரத்தில் இருந்திருக்கிறார். இதற்குப் பிறகு நடந்ததைக் கோயம்புத்தூரிலிருந்து வந்த சௌபர்ணிகா என்ற பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவள் பாடம் வடிவமைக்கிறவள். காளிராஜ் சார் பையும் கையுமாக நின்று, “நாங்க பயிலரங்குக்கு வந்திருக்கோம்” என்றாராம்.

“எந்த அரங்கா இருந்தாலும் வேலை இங்குட்டுத்தான். ஒம்போது மணிக்கு வரச்சொன்னா பத்து மணிக்கு வாரீக. செருப்ப அங்குட்டுக் கழட்டிப்போட்டு உக்காருங்க.”

தாமதமாக வந்துவிட்டோமோ என்ற குற்ற உணர்ச்சியில் பன்னிரண்டு பேரும் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் இரண்டு மூட்டைச் சின்ன வெங்காயம். எல்லோரும் சகஜமாகப் பழகுவதற்காக நான் வைத்த தொடக்கப் பயிற்சி என்றே நினைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டங்களில் பலூன் ஊதச் சொல்வதும் பேப்பரில் கோபுரம் கட்டச் சொல்வதும் உண்டு, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சௌபர்ணிகா மட்டும், “அண்ணா, இந்தப் பயிற்சியோட நோக்கம் என்ன?” என்று நோட்டைத் திறந்துகொண்டு கேட்டிருக்கிறாள்.

“நோக்கமா? சாயங்காலம் நானூறு எலை விழும் தாயி. அதான் நோக்கம்.”

இவ்வளவு தெளிவான நோக்கத்தைத் தான் எந்தப் பயிலரங்கிலும் கேட்டதில்லை என்று அவள் எழுதிக்கொண்டாளாம்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேள். முகப்பில், பன்னிரண்டு நாற்காலிக்கும் பன்னிரண்டு நோட்டுக்கும் பன்னிரண்டு நன்னாரி சர்பத்துக்கும் நடுவில், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்து நின்றேன். பத்தரை, பதினொன்று, ஒரு தலையும் காணோம். யார் போனும் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். கூலிக்கு வந்தவர்கள்கூட இப்படிச் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று பொறாமையாக இருந்தது. இவரைக் கூப்பிட்டு, “அந்த ஆளுகள வாய மூடிக்கிட்டு வேலை பாக்கச் சொல்லுங்க, முன்னாடி பெரிய மனுசங்க வர்ற நேரம்” என்றேன். இவரும் நடுக்கதவைப் பாதி திறந்து, தலையைக்கூட நீட்டாமல் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். சத்தம் உடனே அடங்கியது. அடக்கியவர் காளிராஜ் சாராம். ‘உஷ், பயிற்சி நெறியாளர் சொல்கிறார்’ என்றாராம்.

பாப்பாவின் கூழுக்கு வெந்நீர் வாங்க நான் பின்கட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் சாயங்காலம் வரை அப்படியே நின்றிருப்பேன். போனேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணும் மூக்கும் ஒழுக, காளிராஜ் சார். இந்த ஐந்தாம் தாளில் எழுதுவதை அத்தானுக்குக்கூடக் காட்டாதே: அவருடைய வழுக்கையும் சிவந்த மூக்கும், உரித்த வெங்காயத்துக்குக் கண்ணாடி மாட்டி மீசை வரைந்தது போல இருந்தது. சேவுகண்ணன் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்கய்யா, தோல உரிக்கச் சொன்னா, உரிச்சு உரிச்சு வெங்காயத்தையே இல்லாமப் பண்ணிட்டீகளே?”

“எந்த அடுக்கோட நிறுத்தணும்னு நீங்க சொல்லலியே.”

“அதக்கூடவா சொல்லணும்?”

சார் திரும்பினார். என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயமா, கோபமா, முப்பது வருஷ மானமா, எனக்குத் தெரியவில்லை. “சார், வாங்க சார், பயிலரங்கு முன்னாடி சார்” என்று உளறிக்கொண்டு முகப்புக்கு ஓடினால், அங்கே பன்னிரண்டு நாற்காலியிலும் ஆத்தங்குடி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்கள் தெருவில் விசாரித்து, விசேஷ வீடு என்றதும் பெரிய வாசலுக்கு நேராக வந்துவிட்டார்கள். சர்பத் முழுவதும் காலி. அவர்களைக் கூட்டி வந்த அழகி அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “ஏத்தா, சர்பத்துக் குடுத்து, பேனா குடுத்து, இம்புட்டு மருவாத எதுக்கு? வெங்காயம் எங்கிட்டு இருக்கு?” என்கிறார். எனக்குப் பின்னால் வந்து நின்ற காளிராஜ் சார், ஈரக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாங்க முடிச்சிட்டோம்மா” என்றார்.

அதற்கப்புறம் என்ன பயிலரங்கு? சேவுகண்ணன் எல்லோரையும் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். சார் இலையிலிருந்து தலை நிமிராமல் மூன்று முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். என் உரை பையிலேயே கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பிடித்த வேனில் ஏறும்போது “பின்னர் பேசுவோம்” என்றார். அவ்வளவுதான். கம்பெனியில் அவர் அப்படிச் சொன்ன இரண்டு பேரும் இப்போது கம்பெனியில் இல்லை. இவர்தான் பஸ் ஸ்டாண்டு வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வந்து இந்தத் தாள் கட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

ஊருக்கெல்லாம் ‘இப்படிச் செய், அப்படிச் செய்யாதே’ என்று எழுதுகிறவளுக்குத் தன் வீட்டு வாசல் எதுவென்று எழுதத் தெரியவில்லை. இனி என்ன, சென்னைக்குத்தான் வர வேண்டும். மொட்டை மாடி ரூமாக இருந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் மட்டும் இருக்கட்டும். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்குப் பாப்பாவின் எச்சில் முத்தம். கொப்புடையம்மன் உங்கள் எல்லோரையும் நல்லபடியாக வைக்கட்டும், மிச்சம் இருந்தால் என்னையும் பார்க்கட்டும்.

அன்புத் தங்கை,
சத்தியப்பிரியா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்காக அடுக்கும்போது ஐந்தாம் தாள் கை நழுவி மல்லாந்து விழுந்தது. முன்பக்கம் நிரம்பி இருக்கிறது அக்கா! பச்சை மை, காளிராஜ் சாருடைய கையெழுத்து. ‘மிகவும் பயன்பட்ட பகுதி: வெங்காயம். எந்த அடுக்கோடு நிறுத்துவது என்று சொல்லாமலே முப்பது ஆண்டுகளாகக் கையேடு எழுதியிருக்கிறேன் என்று இன்று அறிந்தேன். புதிதாகச் சேருகிற அனைவரும் இப்பயிற்சிக்குக் காரைக்குடி வர வேண்டும். அதை நடத்தச் சத்தியப்பிரியா அங்கேயே இருந்து வேலை பார்க்கட்டும்.’ கீழே கையெழுத்து, தேதி! மற்றதையும் திருப்பினால் பன்னிரண்டும் நிரம்பியிருக்கின்றன. இவரிடம் ஓடிப்போய்க் கேட்டால், “வேன்ல உக்காந்து எழுதிக் குடுத்தாக, வாங்கியாந்தேன். நீ கேக்கலியே” என்கிறார்.

ஆகையால் ரூம் பார்க்க வேண்டாம். ஆனால் பச்சை மையில் கடைசியாக ஒரு வரி இருக்கிறது: ‘அனைத்துப் படிவங்களின் மூலத்தாள்களும் அடுத்த சனிக்கிழமைக்குள் என் மேசைக்கு வர வேண்டும். படம் எடுத்து அனுப்பினால் ஏற்கப்படாது.’ எனவே படம்தான் உனக்கு வரும், கடிதம் அவருக்குத்தான் போகும், ஐந்தாம் தாளின் வெங்காய மீசையோடு. பின்பக்கம் முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டிவிடலாம் என்கிறார் இவர். ஒட்டினால் அவர் உரித்துப் பார்ப்பார். எந்த அடுக்கோடு நிறுத்த வேண்டும் என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை. ரூம் பார்ப்பதை நிறுத்தி வை அக்கா. அடியோடு நிறுத்திவிடாதே.