ஒன்றுக்கு முன்னால் ஓர் அடி

மழையை அரண்மனைக்கும் வெயிலைக் குடிமக்களுக்கும் என்று பங்கு பிரித்துக்கொண்ட சீமை ஒன்று இருந்தது. பெயர் நெடுங்கோட்டுச் சீமை. அங்கே ஒரே ஏரி, ஒரே மதகு. மதகு அரண்மனைப் பக்கம் திறந்த நாளில் ஊருக்கு வழிவது மிச்சம் மீதிதான்.

அந்தச் சீமையில் குறிநாள் என்று ஒரு வழக்கம். ஆண்டுக்கொரு நாள் கோட்டைச் சுவரில் நீளக் கோடு இழுத்து, அதன் கீழே சம இடைவெளியில் பூஜ்ஜியம் முதல் முப்பது வரை எண்கள் எழுதுவார்கள். மாதத்தில் எத்தனை நாள் தண்ணீர் வந்ததோ, அந்த எண்ணுக்கு மேல் ஒவ்வொரு வீடும் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். ஒரே எண்ணுக்குப் பல குறிகள் வந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நாடு எங்கே குவிந்திருக்கிறது, எங்கே காலியாகக் கிடக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சுவரின் அடியில் பழைய கல்வெட்டு: ‘ஒரு வீட்டுக்கு ஒரு குறி. மன்னனும் ஒரு வீடே. மன்னன் குறி எந்த எண்ணில் விழுகிறதோ, மறு குறிநாள்வரை மாதந்தோறும் அரண்மனைக்கு மதகு அத்தனை நாளே திறக்கும்.’

மன்னர் கோலாகலவர்மர் ஆண்டு தவறாமல் முப்பதில் குறி போட்டார்.

கோடு இழுக்கும் பொறுப்பு ஐந்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரம்மா தில்லைவடிவுடையது. அவள் வீட்டுக் குறி பூஜ்ஜியத்தில். அவள் தெருவின் குறிகளும் பூஜ்ஜியத்தில்தான்.

முதல் ஆணை வந்தது. மகாமந்திரி புகழேந்திராயர் சுவர் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

“பூஜ்ஜியம் என்பது நாட்டுக்கு அவமானம். இன்றுமுதல் அந்த எண் ஒழிக்கப்படுகிறது. அதில் இருந்தவர்கள் ஒன்றுக்கு உயர்த்தப்படுகிறார்கள்.”

“தண்ணி வராமலே உயர்த்திட்டீங்களா, ஐயா?” என்றாள் தில்லைவடிவு.

“உயர்வில் என்ன பேதம், அம்மா?”

பூஜ்ஜியம் சுண்ணாம்பில் மறைந்தது. பூஜ்ஜிய வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் வண்டியும் நின்றது. பூஜ்ஜியத்தில்தான் இப்போது யாருமே இல்லையே!

அடுத்த ஆண்டு மன்னரே சுவரைப் பார்க்க வந்தார். இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்றின் மேல் குறிகள் கோபுரமாக நின்றன. வலது கோடியில் முப்பதின் மேல் ஒரே ஒரு குறி. மன்னரின் முகம் சுருங்கிவிட்டது. கூட்டம் என்றால் அவருக்கு உயிர். பத்துப் பேர் சேர்ந்து நின்றால் பல்லக்கிலிருந்து குதித்துக் கையசைப்பார்.

“எனக்குப் பக்கத்தில் ஏன் ஒருவருமில்லை?”

மந்திரி அன்றைக்கே நான்கு முதல் இருபத்தொன்பது வரை எண்களை நீக்கினார். மூன்றுக்கு அடுத்து முப்பது. “மன்னருக்கும் மக்களுக்கும் இடைவெளி ஓரடிதான்” என்று முரசறைந்தார்கள். முப்பதுக்கு ஓரடியில் நிற்பவர்களுக்கு எதற்குக் கிணறு என்று கிணறு வெட்டும் இலாகாவை மூடினார்கள்.

மூன்றாம் ஆண்டு பள்ளிக்கூடத்துப் பானை காய்ந்தது. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போதே மயங்கி விழுந்தார்கள். இந்தக் குறிநாளிலும் விடியாவிட்டால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த ஆண்டு இன்னொன்றும் நடந்தது. ஒன்றின் மேல் ஏறிய குறிகள் எக்குத்தப்பாக வளர்ந்து, சுவரின் உச்சியில் வரைந்திருந்த மன்னரின் மீசையைத் தொட்டுவிட்டன. மந்திரி அலறினார்.

“சுவரில் இனிக் குறி கூடாது! எல்லாவற்றையும் அழித்துவிட்டு அணிவகுப்பு மைதானத்தில் கோடு போடு. வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்கட்டும். நிற்கிற ஆளே குறி. முடிந்ததும் கலைந்து போகட்டும்.”

“நிக்கிற ஆளே குறி. அப்படியே ஓலையில எழுதி முத்திரை போட்டுக் குடுங்க, ஐயா” என்றாள் தில்லைவடிவு.

மந்திரி பெருமையாகப் போட்டுக் கொடுத்தார்.

மைதானத்தில் குறி நிற்க வைத்த நாளில் தில்லைவடிவு சுண்ணாம்புக் கோடு இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, முப்பது. எண்ணுக்கு எண் ஓரடி. பிறகு தன் தெருக்காரர்களையும் முன்பு பூஜ்ஜியத்தில் இருந்த மற்ற வீட்டாரையும் அழைத்து, ஒன்றுக்கு இடப்புறம் ஓரடி தள்ளி, எண் எழுதாத கோட்டு நுனியில் நிறுத்தினாள். ஆயிரம் வீட்டு ஆட்கள் காலிக் குடங்களோடு ஒருவர் பின் ஒருவராக அங்கே வால்போல் நீண்டார்கள்.

“அங்கே என்ன?” என்றார் மந்திரி.

“இடம் பத்தல, ஐயா.”

“எண் இல்லாத இடம் கணக்கில் வராது. நிற்கட்டும்.”

குயவர் வீட்டுச் சடைச்சி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். “ஏன் வாத்தியாரம்மா, இத்தன வருசம் பூஜ்ஜியத்துல கெடந்தது போதாதா? நடு மைதானத்துல வேற நிக்கணுமா?”

“குடத்த நல்லாத் தட்டுடி. மன்னர் வாழ்கன்னு கத்து.”

“இவருக்கா?”

“கத்துடீன்னா!”

ஆயிரம் காலிக் குடங்கள் ஒரே நேரத்தில் முழங்கின. “மன்னர் வாழ்க!”

முப்பதில் ஒற்றையாக நின்றிருந்த கோலாகலவர்மர் திரும்பிப் பார்த்தார். எம்மாம்பெரிய கூட்டம்! கால் நிற்கவில்லை. நாலே அடி. மூன்று, இரண்டு, ஒன்று, அதற்கும் ஓரடி முன்னால். கூட்டத்தின் முன்னே, கோட்டு நுனியிலேயே போய் நின்று இரண்டு கைகளையும் அசைத்தார்.

நண்பகல் மணி அடித்தது. குறி முடியும் நேரம் அதுதான்.

தில்லைவடிவு ஓலையைத் தூக்கிப் பிடித்துக் கணீரென்று படித்தாள். “மன்னர் வீட்டுக் குறி, பூஜ்ஜியம்!”

மந்திரி ஓடி வந்தார். “செல்லாது! பூஜ்ஜியம் என்று ஓர் எண்ணே நாட்டில் கிடையாது!”

“சரிங்க. அப்ப மன்னர் நிக்கிறது எந்த எண்?”

மந்திரி குனிந்து பார்த்தார். காலடியில் எண் இல்லை. அழித்தவர் அவர்தான். நடந்து போக நாலடி மட்டுமே மிச்சம் வைத்தவரும் அவர்தான்.

“எண்ணே இல்லன்னா மதக எத்தன நாள் திறக்குறது? நீங்களே சொல்லுங்க, ஐயா.”

மதகுக் காவலன் கல்வெட்டைப் பார்த்தான். மந்திரியின் முத்திரையைப் பார்த்தான். அரண்மனைப் பக்கத்துப் பலகையை இறக்கி, ஊர்ப்பக்கத்துப் பலகையைத் தூக்கினான். தண்ணீர் இரைந்துகொண்டு தெருவுக்குள் வந்தபோது சடைச்சி குடத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு நிரப்பத் தொடங்கினாள். பள்ளிப் பிள்ளைகள் வாய்க்காலுக்குள்ளேயே குதித்தார்கள்.

அந்த ஆண்டு முழுக்க மன்னர் குளிக்க வேண்டுமென்றால் குடத்தோடு சடைச்சி வீட்டு வாசலில் நின்றார்.

மறு குறிநாளில் எல்லா எண்களும் கோட்டுக்குத் திரும்பியிருந்தன. மன்னர் பூஜ்ஜியத்தில் தனியாக நின்று நாலாபக்கமும் தேடினார்.

“மன்னா, முப்பது அதோ! ஓடுங்கள்!” என்று மந்திரி பதறினார்.

“அங்கே ஈ காக்கை இல்லையே. கூட்டம் எங்கே? எத்தனை அடி?”

தில்லைவடிவு சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இருபத்தேழு, மன்னா. மாசத்துல ஊருக்குத் தண்ணி வந்த நாளு அது. நீங்க நிக்கிற இடத்திலிருந்து எண்ணணும்.”

கோலாகலவர்மர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு நடந்தார்.