ஒரு குடமும் மூன்று கண்டுபிடிப்பாளர்களும்

அடுப்படியில் தண்ணீர் போகாமல் தேங்கி நின்றால் தரையைத் தோண்டத்தான் வேண்டும். தையல் கடை வைத்திருக்கும் என் அத்தான் தோண்டினார். குழாய் தட்டுப்படுவதற்கு முன்னால் ஒரு செப்புக் குடம் வந்தது. உள்ளே பழைய தங்கக் காசுகள். பக்கத்து வீட்டில் இருப்பவன் என்ற முறையில் அதைத் தூக்கக் கை கொடுத்தவன் நான்.

"மூடி வச்சிட்டு வாயத் திறக்காம இருங்க" என்றாள் அக்கா.

அத்தான் யோக்கியர். யோக்கியரோடு குடும்பம் நடத்துவது என்ன பாடு என்று அக்காவைக் கேட்டால் சொல்லுவாள். கண்டுபிடித்தவருக்குப் பரிசு உண்டாம், அதில் புதுத் தையல் மெஷின் வாங்கலாமாம். மறுநாளே தொல்பொருள் துறைக்குச் சொல்லிவிட்டார்.

இயக்குநர், இணை இயக்குநர், உதவி இயக்குநர் என மூவர் வருகை புரிந்தார்கள். மூவர் தலையிலும் வெயில் தொப்பி. அடுப்படிக்குள்ளும் அதைக் கழற்றவில்லை.

"இதை நீங்க கண்டுபிடிச்சதா ஏத்துக்க முடியாது" என்றார் இயக்குநர்.

"என் கையாலதாங்க எடுத்தேன்."

"என்ன தேடினீங்க?"

"குழாய்."

"அப்போ நீங்க கண்டுபிடிச்சது குழாய். அதுல துறைக்கு ஆட்சேபணை இல்ல. தேடாம கிடைச்சா அது கண்டுபிடிப்பு ஆகாது."

"அந்தக் குழாயே இன்னும் கிடைக்கலியே!" என்றாள் அக்கா.

ஆகவே, குடத்தை இருந்த இடத்திலேயே வைத்து, மண்ணை மூடி, முறைப்படி கண்டுபிடிப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. மூடும் பணி அத்தானுக்கு. முன்அனுபவம் உள்ளவராம்.

இயக்குநர் சின்னத் தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி, "ஆகா! என்ன இது!" என்று வியந்தார். படம் எடுத்தார்கள். இணை இயக்குநருக்கு முகம் தொங்கிப்போயிற்று. சொந்தமாக ஒரு கண்டுபிடிப்பு இல்லாமல் அவருக்குப் பதவி உயர்வு கிடையாதாம். பாவம் என்று அவருக்காகவும் புதைத்தோம். அவரும் "ஆகா!" என்றார். உதவி இயக்குநர் மட்டும் என்ன பாவம் செய்தார்? மறுபடி புதைத்தோம். அக்கா என் வீட்டில் வந்து சமைத்தாள்.

மூவரும் தனித்தனியே அறிக்கை கொடுத்தார்கள். மூவருக்கும் பரிசு அனுமதிக்கப்பட்டது. பேப்பரிலும் படம் வந்தது. அதற்கப்புறம்தான் மேலிடம் கிடங்கைத் திறந்து பார்த்தது. கண்டுபிடிப்பு மூன்று, குடம் ஒன்று.

போலீஸ் அத்தான் வீட்டுக்கு வந்தது.

"மத்த ரெண்டு குடம் எங்கய்யா?"

"ஒண்ணுதாங்க இருந்துச்சு. அதையேதான் மூணு தடவ..."

"ஒரு அதிகாரி பொய் சொல்வாரு. மூணு பேரு தனித்தனியா ஒரே பொய்யச் சொல்வாங்களா?"

அத்தானை உள்ளே தள்ளிவிட்டார்கள். இது போதாதென்று, காணாமல் போன குடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று தெருமுனையில் ஒட்டினார்கள். தெருவே கடப்பாரையைத் தூக்கியது. வாத்தியார் தம் படுக்கையறையைத் தோண்டினார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே தோண்டினார்.

"அடப்பாவிகளா, இருந்ததே ஒண்ணுதான்! நானே புதைச்சேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"இவன் ஏன் தடுக்கிறான்? ஏதோ சங்கதி இருக்கு" என்று என் வாசலையும் தோண்டினார்கள்.

ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அத்தான் கம்பிக்குப் பின்னால் யோசனையாக உட்கார்ந்திருந்தார்.

"ஊரே தோண்டுதாமே, மாப்ளே?"

"பைத்தியங்க. ஒரே குடம்னு நமக்குத் தெரியாதா, அத்தான்?"

"தெரியும்" என்றவர் குரலைத் தணித்தார். "இருந்தாலும் ஆபீசரு, பேப்பரு, போலீசு, இத்தனை பேரு சொல்றாங்க. எதுக்கும் எங்க கட்டிலுக்குக் கீழ தோண்டிப் பாரேன். அக்காவுக்குத் தெரிய வேணாம். கிடைச்சா, கண்டுபிடிச்சது நான்தான்னு சொல்லிடு."

தலையில் அடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டில் நகர்த்தப்பட்டிருந்தது. அக்கா முழங்கால் ஆழக் குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறே? கூடையப் பிடி" என்றாள்.

பிடித்தேன்.