செத்தவர்களுக்குப் பஜ்ஜி கிடையாது

கொடைக்கானலில் எங்கள் தெருவில் ஸ்ட்ரெச்சர் அண்ணன் ஒரு முறையாவது சாகடிக்காத ஆள் கிடையாது. என்னையும் சாகடித்திருக்கிறார். பத்திரிகைக்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். சலுகை கிடைக்கவில்லை.

தொழில், மிளகாய் பஜ்ஜிக் கடை. மலைச்சரிவின் தடுப்புச் சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்டிருந்தார். ஒரு மழைக்காலத்துக்கு முன்பு, அண்ணனைப் போலப் பேரிடர் உதவிக்குப் பெயர் கொடுத்த தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு ஆரஞ்சு மேல்சட்டையும் தந்தார்கள். அதை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எழுந்து நின்று, தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று அறிவித்தார். மாப்பிள்ளை அந்தக் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டதை நானே கண்டேன்.

பெயர் வந்த கதை வேறு. ஏரிக்கரைப் புல்வெளியில், தொப்பியால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார் ஒரு சுற்றுலாப் பயணி. அண்ணன் இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி, குதிரைக்காரர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்து, மனிதரைத் தூக்கிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்று முன்புதான் அவருக்கு விழிப்பு வந்தது.

"எங்கய்யா தூக்கிட்டுப் போறீங்க?"

"பேசாதீங்க சார். நீங்க மயக்கமாக் கெடக்கீங்க."

மழை தொடங்கினால் ஒத்திகையும் தொடங்கிவிடும். மதியமே பஜ்ஜி வாசம் தெருவில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் ஜல்லிக்கரண்டியால் வாணலியைத் தட்டப் போகிறார் என்று பொருள். சத்தம் கேட்டதும் எல்லோரும் மேலே, சிலுவைக் கோபுரம் தெரியும் வேதக்கோயில் மைதானத்துக்கு ஓட வேண்டும். முதலில் வந்தவர்களுக்குச் சுடச்சுடப் பஜ்ஜி. கடைசியாக வந்தவர்கள் செத்தவர்கள். அவர்கள் சைப்ரஸ் மரத்தடியில் உட்கார்ந்து, பிழைத்தவர்கள் தின்பதைப் பார்க்க வேண்டும். தெருவில் பலர் பஜ்ஜிக்காகத்தான் ஓடினார்கள். நானும்தான்.

மூன்றாம் வகுப்பில் அண்ணனுக்குப் பாடம் நடத்தியவர் மேரி டீச்சர். சரிவுக்கு அடியில் தனியாகக் குடியிருந்தார். ஒரு ஒத்திகையில் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, நிதானமாக வந்து சேர்ந்தார்.

"டீச்சர், நீங்க செத்துட்டீங்க. அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார் அண்ணன்.

டீச்சர் உட்காரவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஒத்திகைக்கு வருவதில்லை. அண்ணனோடு பேச்சும் இல்லை.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு பிற்பகல். வாணலிச் சத்தம் கேட்டது. வாசம் வரவில்லை. மழையில் எனக்கு அது உறைக்கவில்லை. தெருவே முணுமுணுத்துக்கொண்டு மேலே ஏறியது. மைதானத்தில் பாத்திரமும் இல்லை, தட்டும் இல்லை. பஜ்ஜி எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அண்ணன் முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். தடுப்புச் சுவரின் ஓட்டையில் செம்மண் குழம்பாக வருகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். டீச்சரைக் காணோம். அண்ணன் திரும்பிக் கீழே ஓடினார். தொழில் பழக்கம், நானும் பின்னால் ஓடினேன்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"போ லே" என்றது டீச்சரின் குரல். "நாந்தான் அன்னைக்கே செத்துட்டேனே. செத்தவளுக்கு அங்க என்ன சோலி?"

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கதவில் வாய் வைத்து மெதுவாகச் சொன்னார்:

"டீச்சர், இன்னிக்குப் பஜ்ஜி போடல."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. வெறுங்காலோடு வந்தார். மேஜைமேல் இருந்த பன் பொட்டலம் எப்படியோ கையோடு வந்திருந்தது. கதவைப் பூட்டவில்லை, சாத்தக்கூட இல்லை.

நாங்கள் மேல் திருப்பத்தை எட்டியபோது அந்தச் சத்தம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஆரம்பித்தது, ஆனால் நிற்கவில்லை. மண்சரிவைப் பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. டீச்சரின் வீடு இருந்த இடத்தில் ஒரு பைன் மரம் நின்றுகொண்டிருந்தது, சாயாமல், அங்கேயே முளைத்தது போல. பஜ்ஜிக் கடை இருந்த அடையாளமே இல்லை.

மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அதை நம்ப முடியாமல் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் அண்ணன் அவர்களைக் கடந்து போய் சைப்ரஸ் மரத்தடியில் உட்கார்ந்தார். என்ன என்று கேட்டேன்.

"கடைசியா வந்தது நாமதான சார்" என்றார்.

டீச்சர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஏலே, செத்தவங்களுக்குப் பஜ்ஜிதான கெடையாது. பன்னு திங்கலாம்ல?"

அண்ணன் வாங்கினார். எனக்கும் டீச்சருக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். செத்தவர்கள் பக்கம் உட்கார இதைவிட நல்ல துணை எனக்கு வாய்த்ததில்லை.