ஆறு பச்சை, ஒரு சிவப்பு

"மறுபடியும் சிவப்பா?"

பின்னாலிருந்து தம்புசாமியின் குரல் கேட்டதும் சுகுமாறன் திரையைக் கையால் மறைக்கப் பார்த்தான். கை போதவில்லை.

"ஆறு பச்சை இருக்கு பாஸ்."

"எனக்கு எண்ணத் தெரியும்லா. ஏழாவது?"

ஏழாவதுதான் சங்கடம். தம்புசாமி ஃபார்வர்டிங்கின் தலைமை அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கப் படிவமான 'பாரம்' போட்டு லோரியில் ஏற்றி விடுகிற வேலையெல்லாம் கிள்ளான் கிளையில். அங்கிருக்கும் ஏழு கணினிகளையும் இங்கிருந்தே பார்க்க ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தார் தம்புசாமி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அது ஒவ்வொரு கணினிக்குள்ளும் அந்தந்த ஊழியரின் பெயரும் பாஸ்வர்டும் சொல்லி நுழைந்து பார்க்கும். உள்ளே விட்டால் பச்சை. விடாவிட்டால் சிவப்பு, பக்கத்தில் 'லாகின் தோல்வி' என்று ஒரு வரி.

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு பினாங்குலேருந்து ஆளுங்க வராங்க. பார்ட்னரா சேரப்போறாங்க. ஏழும் பச்சையா இருந்தா நீ கன்பர்ம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்க."

சுகுமாறன் தற்காலிக ஊழியன். ஆறு மாதத் தற்காலிகம் இரண்டு தடவை நீட்டிக்கப்பட்டு ஒன்றரை வருடமாகியிருந்தது. வேலை நிரந்தரமானால்தான் நிச்சயதார்த்தத் தேதி என்று செமினியில் பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள் என்பது பூக்கடைவரை தெரிந்த ரகசியம்.

மற்ற ஆறு பேரைப் பற்றி அவனுக்கு ஒரு குறையும் இல்லை. எட்டரைக்கு ஆறும் அடுத்தடுத்துப் பச்சையாகும். ஐந்தரைக்கு ஆறும் அடுத்தடுத்து அணையும். எம்.சி. என்று மருத்துவ லீவ் கிடையாது, அரைநாள் லீவ் கிடையாது, பாஸ்வர்டு மறந்துபோச்சு என்ற புலம்பல் கிடையாது. மாதாந்திர அறிக்கையில் 'முன்மாதிரி ஊழியர்கள்' என்றே எழுதியிருந்தான். அதைப் படித்த தம்புசாமி ஏனோ இரண்டு தடவை இருமினார்.

ஏழாவது கணினி புனிதாவுடையது.

செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்குப் போன் போட்டான். வழக்கம்போல, கூட்டிப் பெருக்கும் இராஜம்மாதான் எடுத்தார்.

"யாரும் சீட்ல இல்ல தம்பி. இருங்க, புனிதாவக் கூப்பிடறேன்."

புனிதா வந்தார். "என் பாஸ்வர்டு உங்களுக்கு எதுக்கு?"

"சிஸ்டத்துக்குக்கா."

"சிஸ்டம் வந்து பாரம் போட்டுக் குடுக்குமா? ஏழு பேர் வேலைய ஒத்த ஆளாப் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க வேற. எழுதிக்குங்க, 7714."

எல்லாக் கிளார்க்குகளும் சொல்வதுதானே என்று அவன் 7714-ஐ மட்டும் எழுதிக்கொண்டான். சிவப்பு பச்சையானது. தம்புசாமி தம் செலவில் ஒரு தே தாரிக் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை மறுபடி சிவப்பு.

"அக்கா, 7714 போக மாட்டேங்குதே!"

"எப்படிப் போகும்? அது நேத்து நம்பர். இன்னைக்கு 3092."

"தினமும் மாத்துறீங்களா?"

"காலையில கேட்டத் தாண்டி முதல்ல போற லோரி நம்பரு எதுவோ அதான் அன்னைக்கு பாஸ்வர்டு. ஒம்பது வருசமா இப்படித்தான். ஒரு பாரம் கஸ்டம்ஸ்லேருந்து திரும்பி வந்ததில்ல, தெரியுமா? நடுவுல ஒரு நாள் சோம்பல்பட்டு மாத்தல. அன்னைக்கு மூணு கன்டெய்னர் மாட்டிக்கிச்சு."

இதை எந்தக் கையேட்டிலும் தேட முடியாது. சுகுமாறன் யோசித்தான். புனிதாவைத் தினமும் கேட்பதைவிட லோரியையே கேட்டுவிடலாம். கிள்ளான் கேட்டில் நிற்கும் டிரைவர் வேலாயுதத்தைப் போனில் பிடித்தான்.

"அண்ணே, நாளைக்குக் காலையில முதல்ல வெளியாகிற லோரி நம்பர வாட்ஸப்ல போடுங்க. போதும்."

"ஏன் தம்பி, நாலு நம்பர் லாட்டரி எழுதறீங்களா? எனக்கும் ஒரு வெள்ளி காசுக்கு எழுதுங்க."

வியாழக்கிழமை எட்டு நாற்பதுக்கு 5186 என்று செய்தி வந்தது. சுகுமாறன் அதை மென்பொருளில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தோசை சாப்பிடப் போனான். வேலாயுதம் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் 5186 சாலை முனைவரை போய், சீட்டை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்திருந்தது. திரும்பி வந்த லோரி புனிதாவின் சாஸ்திரத்தில் கணக்கில்லை. அதற்கடுத்துப் போனதைத்தான் அவர் வைத்திருந்தார்.

இது தெரியாத மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 5186, 5186 என்று கதவைத் தட்டியது. ஐந்தாவது தட்டலில், எவனோ திருடன் என்று முடிவு செய்த கணினி புனிதாவின் பெயரையே பூட்டிவிட்டது.

சுகுமாறன் தோசை முடித்து வந்தபோது பதினொரு மிஸ்டு கால்.

"என்னையா பண்ணி வச்சிருக்கீங்க? என் கம்ப்யூட்டரு என்னையே உள்ள விட மாட்டேங்குது!" புனிதாவின் குரலுக்குப் பின்னால் லோரி ஹாரன்கள் கேட்டன. "ஒம்பது லோரி நிக்குது. ஒம்பது வருசத்துல இப்படி நின்னதே இல்ல!"

"பக்கத்து சீட்டுல உக்காந்து செய்யுங்கக்கா."

"அதுல பாரம் போடற சிஸ்டமே இல்ல, பெரிய ஐட்டி!"

தலைமை அலுவலகத்திலிருந்தபடி பூட்டைத் திறக்க மென்பொருள் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே நுழைய பூட்டு திறந்திருக்க வேண்டும். சாயங்காலம்வரை இதையே சுற்றிச் சுற்றி வந்தவன், வெள்ளிக்கிழமை காலை வேலைகளை முடித்துக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினான்.

ஒன்றேகாலுக்குக் கிள்ளான் அலுவலகத்தில் நுழைந்தபோது ஏழு மேசைகளில் ஒன்றில்தான் ஆள் இருந்தது. ஆறு கணினிகள் மட்டும் துடைத்து வைத்ததுபோலப் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம்தான். சேர்ந்து வருகிறவர்கள் சேர்ந்து சாப்பிடவும் போயிருக்கிறார்கள் என்று வியந்துகொண்டான்.

புனிதாவின் பூட்டைத் திறக்க இரண்டு நிமிடம் ஆனது. அத்தோடு எழுந்திருக்கலாம். அவன் எழுந்திருக்கவில்லை. இனி இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஒரு நிரந்தர பாஸ்வர்டைப் போட்டு, மென்பொருளிலும் அதையே பதிந்து, 'பயனர் மாற்ற முடியாது' என்ற கட்டத்திலும் ஒரு டிக் அடித்தான்.

"இனிமே லோரி நம்பர் எல்லாம் தேவையில்லக்கா."

புனிதா தம் நாற்காலியில் உட்கார்ந்தார். நின்றிருந்த லோரிகளுக்கெல்லாம் பாரம் போட்டு முடித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

மூன்று இருபதுக்குத் தம்புசாமி அழைத்தார். குரலில் மாலை மரியாதை.

"ஏழும் பச்சை! பினாங்கு ஆளுங்க கையெழுத்துப் போட்டாச்சு. நீ கன்பர்ம். அது மட்டுமில்ல, திங்கக்கிழமையிலேருந்து கிள்ளானுக்கு நீதான் மேனேஜரு. ஏழு பேரும் உனக்குக் கீழ. திங்கக்கிழமை பதினேழு லோரி இருக்கு, ஒண்ணுகூட நிக்கக்கூடாது."

சுகுமாறன் உடனே செமினிக்குச் செய்தி அனுப்பினான். 'மேனேஜர்' என்பதைத் தனி வரியில் போட்டான்.

போனை வைத்ததும் புனிதா தாளை நீட்டினார்.

"மேனேஜருதானே இப்ப? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. எதிர்க் கம்பெனில ரொம்ப நாளா கூப்பிடறாங்க. மிச்ச லீவ் நோட்டீஸுக்குச் சரியாப் போச்சு. வரேன்."

முதல் நாளே ஒரு ராஜினாமா. ஆனாலும் சுகுமாறனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். போனது தொல்லை பிடித்த ஒன்று. இருப்பது முன்மாதிரிகள் ஆறு. கையெழுத்தைப் பெரிதாகவே போட்டான்.

பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஆறு பேருக்கும் சொல்ல ஒரு சிறிய பேச்சையும் மனத்துக்குள் தயாரித்துக்கொண்டு காத்திருந்தான். மூன்றே முக்கால் ஆனது. நாலும் ஆனது. துணியோடு வந்த இராஜம்மா முதல் கணினியைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஆன்டி, மத்த ஆறு பேரும் சாப்பிட்டு எத்தன மணிக்கு வருவாங்க?"

இராஜம்மா துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "அவங்கல்லாம் போன வருசமே வேலைய விட்டுப் போயாச்சே தம்பி, எட்டரைக்கு இந்த ஆறையும் தட்டி விடறதும் அஞ்சரைக்கு அடைக்கறதும் நான்தான், பாஸ் உங்ககிட்ட சொல்லலையா?"